பிளின்ட்லாக் துப்பாக்கியால் மானை எத்தனை கஜத்தில் சுடலாம்?

தம்பி கேட்டிருப்பது இதுதான். பென்சில்வேனியாவில் போன வருடம் வேட்டை உரிமம் எடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கிற துப்பாக்கி) பருவத்துக்காக 50 காலிபர், அதாவது அரை அங்குலத் துளை கொண்ட துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். ரேஞ்சில் மேசைமேல் மணல் மூட்டை போட்டுச் சுட்டால், 100 கஜத்தில் ஐந்து குண்டில் நான்கு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுகிறதாம். 50 கஜத்துக்கு மேல் சுடாதே என்று சிலர் சொல்கிறார்கள், 150 வரை தாராளமாகப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். 100 வேண்டாம் தம்பி. முதல் வருடம் 50 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தில் நான்கு என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஐந்தாவது குண்டுதான் கண்ணில் படுகிறது. காகிதத்தில் அது தட்டுக்கு வெளியே ஒரு ஓட்டை. காட்டில் அது வயிற்றில் அடிபட்டு ராத்திரி முழுக்க எங்கோ புதரில் கிடக்கிற மான். அதுவும் மேசைமேல் வைத்துச் சுட்ட கணக்கு. காட்டில் மேசை கிடையாது.

உங்களுக்குச் சொன்னவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் வேறு வேறு துப்பாக்கியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற எல்லாத் துப்பாக்கிக்கும் இங்கே மசில்லோடர் என்ற ஒரே பெயர்தான். 1985இல் டோனி நைட் என்பவர் எம்கே-85 என்ற மாடலைக் கொண்டுவந்தார். அதிலிருந்து ‘இன்லைன்’ வகை பரவியது. மருந்துக்கு நேர் பின்னால் பற்றவைப்பு, குழலுக்குள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குண்டைச் சுழலவைக்கிற இறுக்கமான மரை, பிளாஸ்டிக் உறைக்குள் கூர்மூக்குக் குண்டு, மேலே தொலைநோக்கி. அதை வைத்துக்கொண்டு நல்ல சுடுகாரர் 150 கஜம் போவதில் தப்பில்லை. பென்சில்வேனியாவில் அக்டோபரில் வரும் ஒரு வாரப் பருவத்தில், கொம்பில்லாத மானுக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம். டிசம்பர் பருவம் 1974இல் தொடங்கியபோதே சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்று ஒதுக்கப்பட்டது. கல்தான் பொறி தர வேண்டும், தொலைநோக்கி கூடாது. உங்கள் கையில் இருப்பது 250 வருடத்துக்கு முன்னால் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மன் கொல்லர்கள் செய்த நீள்குழல் துப்பாக்கியின் வாரிசு. அதற்கு இன்லைன்காரரின் கணக்கைப் போட்டால் தப்பாகத்தான் வரும். கொலராடோ போன்ற மாநிலங்களில் சட்டம் வேறு. அங்கே தொலைநோக்கியும் பிளாஸ்டிக் உறையும் கூடாது, ஆனால் கல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநிலம் மாறினால் கையேட்டைப் புதிதாகப் படியுங்கள்.

சரி, குண்டுக்கு வருவோம். 50 காலிபருக்குப் போடுகிற 0.490 அங்குல ஈய உருண்டை 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். 80, 90 கிரெய்ன் கருமருந்தில் குழல் வாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 1800 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உருண்டை என்பது காற்றைக் கிழிக்கத் தெரியாத வடிவம். 50 கஜம் போவதற்குள் வேகம் 1400க்குப் பக்கத்தில் வந்துவிடும். 100 கஜத்தில் 1050, 1100தான் இருக்கும். வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றால், அடிக்கிற சக்தி மூன்றில் ஒரு பங்காகிவிடும். கிளம்பும்போது இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கை 100 கஜத்துக்குள்ளேயே காற்றுக்குத் தானம் கொடுத்துவிட்டு வருகிறது அந்தக் குண்டு.

அப்படியானால் மருந்தைக் கூட்டினால் போச்சு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வாயில் 1500 அடி வேகத்தில் கிளம்புகிற குண்டுக்கும் 1900இல் கிளம்புகிற குண்டுக்கும் 100 கஜத்தில் வித்தியாசம் நூறு, நூற்றைம்பது அடிதான் மிச்சம். எவ்வளவு வேகமாக அனுப்புகிறோமோ அவ்வளவு பலமாகக் காற்று பிடித்து நிறுத்துகிறது. கூட்டிய மருந்து தோளை இடிக்கிறது, குண்டைச் சுற்றிய துணியை எரிக்கிறது, புகையைக் கூட்டுகிறது. மானுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அதனால் 60 கிரெய்னில் ஆரம்பித்து, தயாரித்தவர் சொன்ன எல்லைக்குள் ஐந்தைந்தாகக் கூட்டி, எந்த அளவில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றனவோ அதோடு நில்லுங்கள். அதுதான் உங்கள் துப்பாக்கி கேட்கிற அளவு.

கீழிறக்கம் என்று பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு மோசமில்லை. 75 கஜத்தில் குறி வைத்த இடத்திலேயே விழும்படி, குழல்மேல் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற பின்குறியைச் சரிசெய்துவிட்டால், 50 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம் மேலே விழும், 100இல் இரண்டு மூன்று அங்குலம் கீழே விழும். 125க்குப் போனால் ஏழு அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். 100 வரைக்கும் நெஞ்சைப் பார்த்துச் சுட்டாலே போதும், மேலே கீழே கணக்குப் போட வேண்டாம். கீழிறக்கத்தை மட்டும் பார்த்தால் 100 கஜம் நியாயமான தூரம் மாதிரிதான் தெரியும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

என்னை ஏமாற்றியது காற்று. மணிக்கு 10 மைல் காற்று என்றால் பெரிய காற்று இல்லை, சின்னக் கிளையை ஆட்டுகிற அளவுதான். அது குறுக்கே அடித்தால் 50 கஜத்தில் உருண்டைக் குண்டு இரண்டு அங்குலம் ஒதுங்கும். 100 கஜத்தில் ஒன்பது அங்குலம்! தூரம் இரட்டிப்பானால் ஒதுங்குவது நாலு மடங்குக்கு மேல் ஆகிறது. இன்றைய 30-06 மாதிரித் துப்பாக்கியில் அதே காற்றுக்கு 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம்தான் ஒதுங்கும். சாதாரணத் துப்பாக்கியில் பழகியவர்கள் காற்றை நினைத்துப் பார்ப்பதே இல்லை. நினைக்க அவசியம் இருந்ததில்லை.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த பாடம் இல்லை. மூன்றாவது வருடம், ஜனவரி முதல் வாரம், அறுத்த மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. தூரமானியில் 92 கஜம். ரேஞ்சில் 100இல் தட்டை அடித்தவன்தானே என்ற தெம்பு. முட்டி போட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்து, நிதானமாகத்தான் சுட்டேன். சுட்டது சரி. இடமிருந்து வலமாகக் காற்று அடித்துக்கொண்டிருந்ததை முகத்தில் உணர்ந்தேன், மனதில் வாங்கவில்லை.  மான் வாலை எனக்கு வலப்பக்கம் வைத்து நின்றிருந்தது. நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு எட்டு அங்குலம் பின்னால் வயிற்றில் பட்டது. பனியில் ரத்தத்தோடு பச்சை நிறத்தில் செரிக்காத தீனி தெறித்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல மணி நேரம் காத்திருந்து, டார்ச் வைத்துக்கொண்டு மலைலாரல் புதருக்குள் ஊர்ந்து தேடினேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்குள் நரி தின்றிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “காற்று இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம்?” என்று மட்டும் கேட்டார். இந்தத் துப்பாக்கியில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அடுத்தது கண். குழல் வாய்ப்பக்கம் இருக்கிற உங்கள் முன்குறியின் நுனி மணி எத்தனை அகலம் என்று அளந்திருக்கிறீர்களா? பெரும்பாலும் 0.07 அங்குலம் இருக்கும். கண்ணிலிருந்து அது 40 அங்குலம் தள்ளி இருக்கிறது. 100 கஜம் என்பது 3600 அங்குலம், அதாவது 90 மடங்கு தூரம். அந்தச் சின்ன மணி 100 கஜத்தில் ஆறு அங்குலத்துக்கு மேல் மறைத்துக்கொள்ளும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதியே எட்டு அங்குல வட்டம் என்றுதான் கணக்கு. கிட்டத்தட்ட முழுவதையும் மறைத்துக்கொண்டு அதன் நடுவில் சுடுவது எப்படி? ரேஞ்சில் கறுப்பு வட்டம், வெள்ளைத் தாள், நல்ல வெளிச்சம், அதனால் முடிகிறது. குளிர்காலத்து மான் மரப்பட்டை நிறத்தில், சாம்பல் காட்டில், சாயங்கால இருட்டில் நிற்கும். 50 கஜத்தில் அதே மணி மூன்று அங்குலம்தான் மறைக்கும். முன்னங்காலும் தெரியும், விலாவும் தெரியும், நடுவில் மணியை வைக்க இடமும் தெரியும்.

வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பின்குறி மங்கும். சிறு துளைவழியே பார்க்கிற பீப் குறி நிறைய உதவி செய்கிறது, பென்சில்வேனியாவில் அதற்கு அனுமதியும் இருக்கிறது. எதைப் போட்டாலும் பார்வையின் கூர்மை முன்குறியின் மேல்தான் இருக்க வேண்டும். மான் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. கொம்பை எண்ண ஆரம்பித்தால் குறி தப்பியது என்று அர்த்தம்.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்க நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும். எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 25 கஜத்தில் மாட்டுங்கள். வட்டம் எதுவும் வரையாதீர்கள், வெறும் தட்டு. காட்டுக்குப் போடுகிற தடித்த கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு, முட்டி போட்டு. அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. வேண்டுமானால் அதற்குப் பிறகு இருபது குண்டு சுட்டுப் பழகுங்கள், ஆனால் நோட்டில் எழுதுவது முதல் குண்டை மட்டும். மான் உங்களுக்கு இரண்டாவது குண்டு தராது, துப்பாக்கியும் தராது. நல்ல கைக்காரருக்கே மறுபடி கெட்டிக்க அரை நிமிடம் ஆகும், குளிரில் விறைத்த விரலுக்கு இரண்டு நிமிடம். அப்படிப் பத்துத் தடவை முதல் குண்டு தட்டில் பட்டால் 40 கஜத்துக்குத் தள்ளிப்போங்கள், அப்புறம் 50, 60. எந்தத் தூரத்தில் பத்தில் ஒன்று தவறுகிறதோ அதற்கு முந்திய தூரம்தான் உங்களுடையது. நின்றபடி சுடுவதற்குத் தனியாக ஒரு எண் வரும். அது பாதியளவுதான் இருக்கும், வெட்கப்படாதீர்கள். இந்தியானா மாநிலம் ஃபிரெண்ட்ஷிப் என்ற ஊரில் தேசிய மசில்லோடர் சங்கத்தின் போட்டிகள் நடக்கும். 1933இல் தொடங்கிய சங்கம். அங்கே நின்றபடி 50 கஜத்தில் பத்தும் பத்துமாக அடிக்கிறவர்களைப் பார்த்தால் நமக்கு நம் இடம் தெரியும்.

அமெரிக்க விடுதலைப் போரின்போது 1777இல் சரடோகாவில் டிம் மர்ஃபி என்ற குறிகாரர் 300 கஜத்திலிருந்து பிரிட்டிஷ் ஜெனரல் ஃபிரேசரை வீழ்த்தினார் என்று ஒரு கதையைக் கட்டாயம் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்தக் கதையிலேயே முதல் இரண்டு குண்டு தவறியதாகவும் சொல்வார்கள். அதைக் கவனியுங்கள்.

இந்தத் துப்பாக்கிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விசையை அழுத்தியதும் கல்லைப் பிடித்திருக்கிற குதிரை விழுந்து, கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி பக்கத்துக் கிண்ணியில் விழுந்து, அதில் போட்ட பற்றுமருந்து எரிந்து, அந்தச் சூடு குழலின் துளைவழியாக உள்ளே போய், அப்புறம்தான் குண்டு கிளம்புகிறது. இந்தப் பொறியமைப்பைப் பூட்டு என்பார்கள். நல்ல பூட்டாக இருந்தால் கண் இமைப்பதைவிடச் சீக்கிரம் நடந்து முடிகிறது. ஆனால் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நெருப்பு கிளம்புவதை மனிதனால் உணராமல் இருக்க முடியாது. அந்த நேரத்தில் தலையைத் தூக்கினாலோ கண்ணை மூடினாலோ தோளை முன்னே தள்ளினாலோ குண்டு வேறெங்கோ போகும். கிண்ணி மின்னிய பிறகும் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு கிளம்பிப் புகை வந்து மறைக்கும்வரை முன்குறி எங்கே இருந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இதற்குக் காசில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. முதலில் குழல் காலி என்று கெட்டிக்கிற கோலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து எதுவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். குதிரையின் தாடையில் கல்லை எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சொருகுங்கள். சுவரில் ஒரு புள்ளி வைத்து தினமும் இருபது தடவை விசையை அழுத்துங்கள். குதிரை விழும்போது முன்குறி அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். ரேஞ்சில் ஒரு நண்பர் இருந்தால், உங்களுக்குத் தெரியாமல் சில தடவை கிண்ணியில் பற்றுமருந்து போடாமல் கொடுக்கச் சொல்லுங்கள். வெறுமனே ‘டக்’ என்று விழும்போது குழல் நாலு அங்குலம் கீழே குத்தினால், அதுதான் உங்கள் பழக்கம். முதல் தடவை செய்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

நடக்கிற மானைச் சுடாதீர்கள் என்று சொல்வதற்கும் இந்தத் தாமதம்தான் காரணம். மெதுவாக நடக்கிற மான் நொடிக்கு நாலு அடிக்கு மேல் நகரும். பூட்டுக்கு ஆகிற நேரமும் 100 கஜம் பறக்கிற நேரமும் சேர்ந்தால் கால் நொடியைத் தாண்டும். அதற்குள் மான் ஓர் அடிக்கு மேல் போயிருக்கும். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் படும். 50 கஜத்திலும் அரையடிக்கு மேல் போய்விடும். வாயால் ‘மே’ என்று மெதுவாகக் கத்தினால் பெரும்பாலும் ஒரு கணம் நின்று பார்க்கும். அப்போது சுடுங்கள். ஓடுகிற மானுக்கு யோசனையே வேண்டாம், போகட்டும்.

குறிப்பிசகு என்று நினைக்கிறவற்றில் பாதி, கெட்டிப்பதில் வருகிற பிசகு. மருந்தை ஒவ்வொரு தடவையும் அளவுக்குடுவையில் அளந்தே போடுங்கள். மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேரே குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கங்கு இருந்தால் கையிலிருப்பது முழுவதும் வெடிக்கும். இன்றைய தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்து இந்தத் துப்பாக்கிக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது, குழல் பிளந்துவிடும். பைரோடெக்ஸ் போன்ற மாற்றுமருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்கும், கல்லின் பொறிக்கு அவை மக்கர் பண்ணும். அசல் கருமருந்துதான் சரி.

குண்டைச் சுற்றுகிற துணி இறுக்கமான பருத்தி நெசவாக இருக்க வேண்டும். 0.015 அங்குலத் தடிமனில் ஆரம்பியுங்கள். சுட்ட பிறகு முன்னால் போய் அந்தத் துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், அந்தத் துணி நிறைய பேசும். நடுவில் கரி, ஓரம் பிரிந்து, மறுபடி பயன்படுத்தலாம் போல இருந்தால் எல்லாம் சரி. கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிசு அல்லது மருந்து அதிகம். வெட்டுப்பட்டிருந்தால் மரையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் சுட்டால் சரியாகும். குண்டு மருந்தின் மேல் முழுசாக உட்கார வேண்டும். நடுவில் நின்றால் குழல் வீங்கிவிடும், உங்களுக்கும் ஆபத்து. சரியாகக் கெட்டித்தபோது கோல் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவைத்தால், கரி படிந்து குண்டு பாதியில் நின்றாலும், மருந்தே போடாமல் குண்டைத் திணித்துவிட்டாலும், அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். மருந்தில்லாமல் குண்டைத் திணித்தவன் நான் இல்லை என்று சொல்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை.

காலையில் கிளம்புமுன் எஃகுத் தகட்டையும் கல்லையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிடுங்கள். பற்றுமருந்து கொஞ்சம் போதும், துளையை மூடாமல். துளை மூடிக்கொண்டால் திரி மாதிரி எரிந்து நேரமாகும். ஈரக் காற்று என்றால் மணிக்கொரு தடவை அதை ஊதிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பூட்டின்மேல் ஒரு தோல் உறை கட்டிக்கொள்ளுங்கள். குளிர்ந்த துப்பாக்கியை ராத்திரி சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் வியர்க்கும், மருந்து நனையும். கிண்ணி மின்னியும் வெடிக்கவில்லை என்றால் குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் இருங்கள். தாமதமாக வெடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் துப்பாக்கியில் இரட்டை விசை இருந்தால், பின்விசையை இழுத்த பிறகு முன்விசை தொட்டாலே விழும். விறைத்த விரலுக்கு அது எமன். குறி உட்கார்ந்த பிறகுதான் பின்விசையைத் தொட வேண்டும்.

எங்கே சுடுவது? பக்கவாட்டில் நிற்கிற மான், அல்லது நம்மைவிட்டுக் கொஞ்சம் விலகிப் பார்த்தபடி நிற்கிற மான். இது இரண்டும்தான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. நம்மை நேரே பார்த்து நிற்பதையும், தோள் நம் பக்கம் சாய்ந்து நிற்பதையும் விட்டுவிடுங்கள். சுத்த ஈய உருண்டை நுரையீரலில் அருமையாக வேலை செய்யும். தோளெலும்பில் பட்டால், அதுவும் வேகம் குறைந்த தூரத்தில், நசுங்கி நின்றுவிடலாம்.

சுட்ட உடனே உங்கள் முன்னால் வெள்ளைப் புகைதான் இருக்கும், மான் தெரியாது. குனிந்து புகைக்குக் கீழே பாருங்கள், எந்த மரத்தைத் தாண்டிப் போனது என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நின்ற இடத்திலேயே மறுபடி கெட்டித்துவிட்டு, அரைமணி நேரம் உட்காருங்கள். உருண்டைக் குண்டு சில சமயம் மறுபக்கம் வெளியே வராது, ரத்தம் குறைவாகத்தான் சிந்தும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். பச்சை கலந்திருந்தால் என் கதைதான், இன்னும் அதிகம் பொறுக்க வேண்டும். டிசம்பர் பனி இதில் பெரிய வரம். குண்டு படவில்லை என்று தோன்றினாலும் நூறு இருநூறு கஜம் தடம் பார்த்துப் போகாமல் ‘தப்பிவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

50 கஜம் வைத்துக்கொண்டு மான் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். தூரமாகச் சுடக் கற்பதைவிடக் கிட்டே போகக் கற்பது சுலபம், பாதி பேர் அதை முயற்சி செய்வதே இல்லை. இந்தப் பருவம் வரும்போது மான்கள் சாதாரணத் துப்பாக்கிக்காரர்களிடம் இரண்டு வாரம் அடி வாங்கி முடித்திருக்கும். வெட்டவெளிக்கு வெளிச்சத்தில் வராது. ஹெம்லாக் மரங்களின் அடியிலும் லாரல் புதரிலும் பதுங்கிக் கிடக்கும். அந்தப் புதருக்குள் 50 கஜத்துக்கு மேல் பார்க்கவே முடியாது என்பதால், உங்கள் துப்பாக்கியும் அந்த இடமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி. பனியில் புதுத் தடமும் படுத்த குழியும் எங்கே என்று பாருங்கள். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக, ஒரு அடி வைத்து ஐந்து நிமிடம் நின்று, அப்படி நகருங்கள். உட்காரப் போனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக 30, 40, 50 கஜத்தில் இருக்கிற மரங்களைத் தூரமானியால் அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மான் வந்த பிறகு அளக்க நேரம் இருக்காது, பனிமேல் நிற்கிற மான் கிட்டே இருப்பது போலத் தோன்றும். 50க்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்து ரசியுங்கள், விசைப்பக்கம் விரல் போக வேண்டாம்.

கடைசியில் சும்மா ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள், ஊரில் அப்பாவிடம் இதைச் சொன்னால் நாட்டுத் துப்பாக்கியா என்று கேட்கிறார் என்று. அப்பா சொன்னது சரிதான், வேலை செய்கிற விதத்தில் அதே குடும்பம். ஆனால் அங்கே 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதையும், இங்கே மான் பெருகிப்போகாமல் இருக்க மாநில வேட்டை வாரியமே இத்தனை மான் என்று கணக்கு வைத்து உரிமம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் கவலைப்படுவார்.

என் எண் கேட்டால், முட்டி போட்டு 65 கஜம், நின்றபடி 35. மரக்கிளை ஆடுகிற காற்று இருந்தால் 65 என்பதை 45 ஆக்கிக்கொள்கிறேன். டிசம்பர் 26க்கு முன்னால் உங்கள் பத்துத் தட்டும் முடிந்ததும் உங்கள் எண் என்ன என்று எழுதுங்கள் தம்பி.